அலையாத்தி வேர்கள்

சிதம்பரத்தை அடுத்த நம் பங்கில் உறுதிபூசுதலுக்கான தயாரிப்பு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. "கிறிஸ்தவ வாழ்வுக்கு இன்றியமையாத நற்பண்புகள்" என்று கரும்பலகையில் தலைப்பிட்டு, இறைசார் நற்பண்புகள் மூன்றையும் தலையாய நற்பண்புகள் நான்கையும் எழுதி முடித்துச் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். "ஃபாதர், இந்த ஏழும் புத்தகத்துலயே இருக்கு. இதுல எது இல்லைன்னா வாழவே முடியாது? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அடுத்த வாரம் சொல்வதாகக் கூறித் தப்பித்துக்கொண்டோம். குருமடத்தில் இறையியல் பயின்று, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலிபீடத்தில் நின்றும் உடனே விடை சொல்ல இயலவில்லை. அந்த ஒரு வாரமும் அக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. வாசகர்களோடு சேர்ந்து அதற்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

பெயர்கள் மாறின

நாம் சிறுவராய் இருந்த காலத்தில் கோவில் முற்றத்துப் பூவரச மரத்தடியில் உபதேசியார் ஞான உபதேசம் கற்பிப்பார். "தேவ சம்பந்தமான புண்ணியங்கள் எத்தனை?" என்று அவர் கேட்பார். "மூன்று: விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம்" என்று நாம் ஒரே குரலில் முழங்குவோம். பின்னர்த் திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு 1995-ஆம் ஆண்டு வெளிவந்தது. புதிய வழக்குகள் நிலைபெற்றன. விசுவாசம் இருந்த இடத்தில் நம்பிக்கை வந்து அமர்ந்தது. நம்பிக்கை இருந்த இடத்துக்கு எதிர்நோக்கு வந்தது. தேவசிநேகம் அன்பு ஆயிற்று. அந்நாளில் பங்கின் மூதாட்டி ஒருவர், "நம்பிக்கையத் தூக்கி விசுவாசத்தோட எடத்துல வெச்சிட்டீங்களே சாமி, இனி நான் எதை எங்க தேடுவேன்?" என்று கேட்டார். அன்று நாம் சிரித்தோம். அவர் கேட்டது எவ்வளவு ஆழமான கேள்வி என்பது பின்னாளில்தான் விளங்கிற்று.

பெயர்கள் மாறினாலும் பொருள் மாறவில்லை. நன்மையைச் செய்வதற்கு மனிதரிடம் வழக்கமாகிவிட்ட, உறுதியான மனநிலையே நற்பண்பு என்று 1992-இல் வெளியிடப்பட்ட திருச்சபையின் மறைக்கல்வி ஏடு விளக்குகிறது. இதில் 'வழக்கம்' என்பதே உயிர்நாடி. ஒருமுறை தருமம் செய்தவன் தருமவான் ஆகிவிடுவதில்லை. தச்சரின் கை உளியைப் பழகுவதுபோல, மீனவரின் கால் படகின் ஆட்டத்தைப் பழகுவதுபோல, உள்ளம் நன்மையைப் பழக வேண்டும். விவேகம், நீதி, மனத்திடம், தன்னடக்கம் ஆகிய நான்கையும் மிலான் நகர ஆயராக விளங்கிய புனித அம்புரோசியார் காலந்தொட்டு இலத்தீன் திருச்சபை 'கீல்' என்று பொருள்படும் சொல்லால் அழைக்கிறது. கதவின் கீல் பார்வைக்கு அழகானதன்று. யாரும் அதைப் பார்த்து வியப்பதில்லை. ஆனால் அது துருவேறினால் மாளிகையின் கதவும் திறவாது.

மனத்திடத்தைப் பற்றிப் புனித தோமா அக்குவினார் கூறுவதையும் இங்கு நினைவுகூரலாம். மனத்திடத்தின் முதன்மையான செயல் எதிரியைத் தாக்குவதன்று, துன்பத்தைத் தாங்கி நிற்பதே என்பது அவருடைய முடிபு. குருமடத்தில் இதைத் தேர்வுக்காகப் படித்தோம். நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். அதன் பொருளைக் கற்பித்தது கடலூர்க் கரை.

குடமும் மணியும்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். திருக்குடும்பத் திருவிழாவும் அன்றே. நாம் அப்போது கடலூரில் இளம் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். முதல் திருப்பலி முடிந்து, இரண்டாம் திருப்பலிக்கு மக்கள் வந்துகொண்டிருந்தனர். எட்டரை மணி கடந்த வேளையில் தெருவில் ஓலம் கேட்டது. "கடல் உள்ள வந்துட்டுது" என்று கத்திக்கொண்டே ஈர உடையோடு மனிதர்கள் ஓடிவந்தனர். தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு, தெற்கே புதுக்குப்பம், சாமியார்ப்பேட்டை என்று ஊர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களை அந்தக் காலைப்பொழுது கொண்டுபோயிற்று. அவர்களில் குழந்தைகளும் பெண்களுமே மிகுதி.

மூன்றாம் நாள், முகாமாக மாறியிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சென்றோம். பேரப்பிள்ளைகள் இருவரைப் பறிகொடுத்த மீனவ மூதாட்டி ஒருவர் அங்கிருப்பதாகச் சொன்னார்கள். அவர் தண்ணீர் லாரியின் அருகே நின்று, பிறருடைய குடங்களை வாங்கி வரிசையாக நிரப்பிக்கொண்டிருந்தார். நாம் ஆறுதல் சொல்லத் தொடங்கினோம். யோபுவின் கதை நினைவுக்கு வந்தது. இறைத்திட்டத்தைப் பற்றி ஏதோ பேசினோம். அவர் நம் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. "பேச்செல்லாம் அப்புறம் இருக்கட்டும் சாமி. இந்தக் கொடத்தக் கொஞ்சம் புடிங்க" என்றார்.

பிடித்தோம். அதன்பின் அடுத்த குடம், அதற்கடுத்த குடம். மூலையில் பச்சைக் குழந்தையோடு படுத்திருந்த ஒரு பெண்ணுக்கு ஒரு குடம் கொண்டுபோய் வைக்கச் சொன்னார், வைத்தோம். அந்த அம்மையார் கிறிஸ்தவர் அல்லர். ஞான உபதேசத்தின் எந்தப் பட்டியலையும் அவர் மனப்பாடம் செய்ததில்லை. ஆயினும் தம் நெஞ்சு பிளந்து கிடந்த நாளிலும் பிறர் தாகம் அவர் கண்ணில் பட்டது. அறுபது ஆண்டுகளாகத் தெருக் குழாயடியில் பிறர் குடத்துக்கும் இடம் விட்டுப் பழகிய கை அது. இதயம் செயலற்றுப்போன வேளையிலும் கை தன் வழக்கத்தை மறக்கவில்லை. வழக்கமான மனநிலை என்று மறைக்கல்வி ஏடு கூறுவதன் பொருளை அந்தத் தண்ணீர் லாரியின் அருகே கற்றோம்.

அன்பு இப்படித்தான் நிலைபெறுகிறது. வடலூரில் 1867-ஆம் ஆண்டு மே 23 அன்று வள்ளலார் தொடங்கிய சத்திய தருமசாலையின் அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது என்பதை இப்பகுதியில் அறியாதார் இல்லை. ஆழிப்பேரலையின்போது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தைச் சேர்ந்த இசுலாமியப் பெருமக்கள், கரையோர ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்களுக்குச் சமைத்து உணவளித்தார்கள். அயலாரின் இந்த அடுப்புகளைக் காணும்போது, நம் அன்பு விழா நாளில் மட்டும் மூட்டும் அடுப்பா, நாள்தோறும் எரியும் அடுப்பா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், தம் தேம்பாவணிக் காப்பியத்துக்குத் தலைவராக யாரைத் தேர்ந்தார்? நற்செய்தியில் ஒரு சொல்லேனும் பேசியதாகக் குறிக்கப்பெறாத புனித சூசையப்பரை! மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள், ஒரு வார்த்தையும் பேசாத மனிதருக்காக! அவர் எழுந்தார், குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு போனார் என்பதே நற்செய்தி கூறும் செய்தி. திருக்குடும்பத் திருவிழாவன்று சூசையப்பரைப் பற்றி மறையுரை ஆற்றிய நாம், மூன்றே நாளில் அவரை மறந்து பேசப் போனோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. செபிக்கவும் இயலவில்லை. கட்டளைச் செபத்தின் வரிகள் கண்முன் ஓடின. உள்ளே எதுவும் இறங்கவில்லை. ஆனால் அந்தப் பேரலை நாள் தொடங்கி ஒவ்வொரு மாலையும் ஆறு மணிக்கு மூவேளைச் செப மணி தவறாமல் ஒலித்தது. கோவில்பிள்ளை முதியவர், அவருடைய மருமகனின் படகும் வலையும் போயிருந்தன, வீடும் இடிந்திருந்தது. முதல் நாள் மாலை அவர் மணிக்கயிற்றை நோக்கி நடந்தபோது, "இன்றைக்கு வேண்டாமே" என்றோம். "இன்னைக்கித்தான் சாமி அடிக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவரிடம் இருந்தது விசுவாசமா, நம்பிக்கையா? பழைய சொல்லால் அழைப்பதா, புதிய சொல்லாலா? பெயர்கள் இடம் மாறியதைக் கண்டு கலங்கிய மூதாட்டிக்கு அன்று விடை கிடைத்தது. இருள் மிகுந்த வேளையில் அவ்விரண்டையும் பிரித்துக் காண முடிவதில்லை. கயிற்றைப் பற்றி இழுக்கும் கை ஒன்றே தெரிகிறது.

பட்டியலில் இல்லாதவர்கள்

இனி நம் குற்றத்தைச் சொல்ல வேண்டும். அந்த மூதாட்டியைச் சந்தித்த மறுநாள் நாம் முகாமுக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. பங்கு அலுவலகத்தில் நிவாரணப் பொருள்களுக்குப் பட்டியல் எழுதும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். யாரேனும் எழுத வேண்டிய பட்டியல்தான். ஆனால் நமக்கு அது ஒளிந்துகொள்ள ஓர் இடமாயிற்று. கண்ணீரை நேரில் காண அஞ்சி, பெயர்களாகவும் எண்களாகவும் அதைக் காணப் பழகிக்கொண்டோம். பதினொரு நாள் இப்படிக் கழிந்தது.

படகு இழந்தோர், கட்டுமரம் இழந்தோர், வலை இழந்தோர் என்று மூன்று பத்திகள் வகுத்தோம். பன்னிரண்டாம் நாள் வாசலில் ஒருவர் வந்து நின்றார். கிள்ளைப் பக்கத்து இருளர். கழிமுகச் சேற்றில் மார்பளவு நீரில் இறங்கி, பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, கையாலேயே தடவி இறால் பிடிக்கும் மக்கள் அவர்கள். அலை வந்த நாள்முதல் நீரில் இறங்க முடியவில்லை. பிடித்தாலும் வாங்குவார் இல்லை. வீட்டில் அடுப்பு எரியவில்லை. "எந்தப் படகு போயிற்று?" என்று பட்டியலைப் பார்த்தபடியே கேட்டோம். அவர் சற்றுத் தயங்கிவிட்டு, "படகு இருந்தாத்தானே சாமி தொலைக்க முடியும்?" என்றார்.

நம் பேனா நின்றுவிட்டது. இழக்க எதுவும் இல்லாதவருக்கு நம் பட்டியலில் பத்தியே இல்லை. நீதி என்பது அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு வழங்குவது என்று எத்தனை மேடைகளில் பேசியிருப்போம்! உரியதை வழங்க வேண்டுமானால், முதலில் அவரைப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு அலுவலகத்தை விட்டு எழுந்து போக வேண்டும். எழுந்து போவதற்கு மனத்திடம் வேண்டும். திடம் இல்லாத இடத்தில் விவேகமும் கணக்குப் பார்க்கும் தந்திரமாகிவிடுகிறது. நற்பண்புகள் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று இறையியலார் கூறுவது ஏட்டுச் சுரைக்காயன்று. நம்மிடம் ஒன்று அறுந்தது, மற்றவையும் அவிழ்ந்தன. அந்த அறுந்த நூலின் விலையைக் கொடுத்தவர்களோ இருளர் குடும்பங்கள்.

அன்று மாலை அவருடனேயே கிள்ளைக்குப் புறப்பட்டோம். புதிய பட்டியலை அவர்கள் குடிசை வாசலில் அமர்ந்து எழுதினோம். தாமதமாகத்தான் போனோம் என்பதை எழுதும்போது இன்றும் கை கூசுகிறது.

சேற்றில் நிற்கும் காடு

கிள்ளைக்கு அருகில்தான் பிச்சாவரம். சிதம்பரத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழப் பதினைந்து கிலோமீட்டர். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழம்பெயர் வந்ததே ஒரு மரத்தால்தான் என்பர். அந்தத் தில்லை மரமும் உப்பங்கழியில் வளரும் அலையாத்தி இனத்தைச் சேர்ந்ததே. அலையை ஆற்றுவது அலையாத்தி. தமிழ் எவ்வளவு பொருத்தமாகப் பெயரிட்டிருக்கிறது!

பேரலைக்குப் பிறகு கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்த அறிவியலாளர்கள், காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைந்தும், திறந்த கரையில் இருந்த ஊர்களில் மிகுந்தும் இருந்ததை 2005-இல் வெளியிட்டனர். நிலத்தின் உயரமும் கடலிலிருந்து ஊருக்குள்ள தொலைவும் காரணம் என்று வாதிட்டோரும் உண்டு. காடு மட்டுமே காத்தது என்று நாம் அறுதியிடத் தேவையில்லை. ஆனால் முகத்துவாரத்து மணல்திட்டில் கடலை நேர்நோக்கி இருந்த எம்.ஜி.ஆர். திட்டு பட்ட பாட்டை நேரில் கண்டவர்க்கு, அந்த மரங்களைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்காமல் இராது.

அம்மரங்கள் அலையைத் திருப்பி அனுப்புவதில்லை. அலை உள்ளே வருகிறது. ஆயிரமாயிரம் வேர்களுக்கிடையே புகுந்து தன் வேகத்தை இழக்கிறது. சுரபுன்னையின் தாங்குவேர்கள் தண்டிலிருந்து வளைந்து இறங்கிச் சேற்றைப் பற்றுகின்றன. வெண்கண்டலோ மூச்சுவிடும் வேர்களைச் சேற்றுக்கு மேலே விரல்களைப்போல் நீட்டி நிற்கிறது. இந்த வேர்களில் ஒன்றும் பேரலை வந்த காலையில் முளைத்ததன்று. அலையில்லாத ஆயிரம் நாள்களில், ஏற்றமும் வற்றமுமாகிய அன்றாடத்தில் அவை இறங்கின. துன்பம் மன உறுதியையும், மன உறுதி தகைமையையும், தகைமை எதிர்நோக்கையும் விளைவிக்கும் என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 5-ஆம் அதிகாரத்தில் திருத்தூதர் பவுல் காட்டும் படிக்கட்டு இதுவன்றோ? அவர் கையாளும் கிரேக்கச் சொல்லில், பாரத்தின் கீழ் விலகாமல் தங்கியிருத்தல் என்னும் பொருள் பொதிந்திருக்கிறது.

பிச்சாவரம் இன்னொரு பாடமும் தருகிறது. முற்காலத்தில் இக்காட்டைப் பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டியெடுக்கும் முறை இருந்தது. வெட்டிய இடத்தில் வெயில் நேரே விழுந்தது. நிலம் தாழ்ந்து தொட்டிபோல் ஆயிற்று. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி வற்றியது. உப்பு மிகுந்து, எந்த விதையும் முளைக்காத தரிசாயிற்று. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அதை மீட்க முனைந்தனர். மீன்முள்ளைப்போல நடுவில் ஒரு வாய்க்காலும் இருபுறமும் கிளை வாய்க்கால்களும் வெட்டினர். கடலேற்றத்தின் நீர் நாள்தோறும் வந்து போக, தேங்கிய உப்பு கழுவப்பட்டது. நட்ட கன்றுகள் பிழைத்தன.

அருளைப் பற்றியும் முயற்சியைப் பற்றியும் திருச்சபை நெடுங்காலம் சிந்தித்து வந்ததை இந்த வாய்க்கால்கள் எளிமையாக விளக்கிவிடுகின்றன. நீரை நாம் உண்டாக்குவதில்லை. கடலை ஏறச்செய்வதும் நம்மால் ஆகாது; அது ஆண்டவரின் கொடை. நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு ஆகிய மூன்றும் அவர் பொழிபவை. ஆனால் வாய்க்கால் வெட்டுவது நம் பங்கு. வெட்டிய வாய்க்காலும் சேறு படிந்து தூர்ந்துவிடும். மீண்டும் மீண்டும் தூர்வார வேண்டும். அன்றாடச் செபம், இரவில் ஆன்ம சோதனை, காலந்தவறாத ஒப்புரவு, ஞாயிறு திருப்பலி, அயலார்க்குச் செய்யும் சிற்றுதவி எல்லாம் நாம் வெட்டும் வாய்க்கால்கள். அலுவலகத்தில் ஒளிந்திருந்த பதினொரு நாளும் நம்முள் இருந்தது உப்புத் தரிசு. அருள் வற்றிவிட்டது என்று எண்ணியிருந்தோம், தூர்ந்துபோனது வாய்க்கால்தான்.

சாய்த்த மழையின் ஈரம்

ஏழாண்டு கழித்து, 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பகுதியின் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. இம்முறை நாம் எந்த ஆறுதலுரையும் எடுத்துப் போகவில்லை. அறிமுகமான விவசாயி ஒருவரின் தோப்புக்குச் சென்றபோது, விழுந்த மரங்கள் அகற்றப்படாமலே கிடந்தன. அவரோ அவற்றின் இடையே குழிதோண்டிப் பலாக்கன்று நட்டுக்கொண்டிருந்தார். மரங்களை அப்புறப்படுத்திய பிறகு நடலாமே என்றோம். "ஈரம் காஞ்சிடும் சாமி. சாய்ச்ச மழைதானே இந்த ஈரத்தையும் குடுத்துட்டுப் போயிருக்கு" என்றார். நாம் கன்றைப் பிடித்துக்கொண்டோம். அவர் மண்ணைத் தள்ளினார்.

எதிர்நோக்கு என்னும் புதிய சொல்லின் பொருள் அந்தக் குழியருகே தெளிவாயிற்று. துயரம் தீர்ந்த பிறகு பிறப்பதன்று எதிர்நோக்கு. விழுந்தவை கிடக்கும்போதே, அந்தத் துயரம் விட்டுச்சென்ற ஈரத்தில் நடுவது. 2025-ஆம் ஆண்டை எதிர்நோக்கின் யூபிலியாகத் திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்தபோது நம் நினைவுக்கு வந்தது அந்த விவசாயியின் சேறுபடிந்த கைகளே.

மறுவாரம்

அடுத்த ஞாயிறு அந்த மாணவி முன்வரிசையில் வந்து அமர்ந்திருந்தாள். ஏழில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல நம்மால் இயலவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டோம். ஏழும் ஒரே வேரில் உண்டு வளர்பவை. அந்த வேருக்குப் பெயர் வேண்டுமானால் 'நிலைத்திருத்தல்' என்று சொல்லலாம் என்றோம். திராட்சைக் கொடி உவமையில் ஆண்டவர் தம் சீடரிடம் திரும்பத் திரும்பக் கேட்பதும் அதையே. பெருஞ்செயல் எதையும் அவர் கேட்கவில்லை. விலகாமல் இருக்கக் கேட்டார். விலகி ஓடிய நாமே அதற்குச் சான்று. ஓடியவனையும் வாசல்வரை வந்து அழைத்துப்போக ஓர் ஏழை மனிதரை அனுப்பியவர் அவர்.

குடத்தையும் மணியையும் பறியையும் கன்றையும் பற்றிச் சொல்லி முடித்தோம். வகுப்பு அமைதியாய் இருந்தது. அவள் மறுபடியும் எழுந்தாள். "சரிங்க ஃபாதர். சுனாமி இல்லாத நாள்ல என்ன செய்யறது?"

அதுதான் சரியான கேள்வி. வேர் இறங்குவது அலையில்லாத நாள்களில்தான். இன்று மாலை வீட்டுக்குப் போனதும், யாருடைய குடம் காலியாக இருக்கிறது என்று பார்க்கச் சொன்னோம். நாளைக்கும் பார்க்கச் சொன்னோம்.